முதல் தொடுகை

எந்தக் கதவையும் அவர் முழுதாகத் திறந்து நான் பார்த்ததில்லை. உடம்பு நுழையும் அளவுக்கு மட்டும் திறப்பார், பக்கவாட்டில் நுழைவார், பின்னால் கைவிட்டு ஓசை வராமல் சாத்துவார். ஆள் ஒன்றும் மெலிந்தவர் அல்ல. மாத்தளைப் பிரதான வீதியில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். அதன் கதவும் அலுமாரி ஏற்றி இறக்குவதற்காக வைத்த அகலமான கதவுதான். இருந்தும் அவர் வந்தது எங்களுக்குத் தெரிவது, வந்து உட்கார்ந்து, கணினியைத் திறந்து, அது ஒரு சத்தம் போட்ட பிறகுதான்.

நாங்கள் மூன்று பேர். கண்டியில் படித்துவிட்டு வந்த இளம் முதலாளி. அவரை நாங்கள் 'சேர்' என்போம். செயலிகளின் திரைகளைச் செய்பவர், நான் சொல்லத் தொடங்கிய இவர். திரையில் வரும் தமிழையும் சிங்களத்தையும் எழுதிச் சரிபார்ப்பவள் நான். இவர் என்னைவிட வயதில் இளையவர். என்றாலும் முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் ஊர் வழக்கப்படி நானும் 'நானா' என்றே கூப்பிட்டேன். அவர் என்னை 'அக்கா' என்றார். சேர் வைத்த பெயர் 'கீபோர்ட் நானா'.

அந்தப் பெயர் வந்த காரணம் இதுதான். மாவட்டத்திலுள்ள பாமசிகளுக்காக ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். எந்த மருந்து எந்தக் கடையில் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே தேடிப் பார்க்கலாம். தேடுவதற்கு ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தைத் தொட்டால் திரையின் கீழிருந்து விசைப்பலகை எழும்பி வரும். எல்லாச் செயலியிலும் நடப்பதுதான். எனக்கு அதில் யோசிக்க ஏதாவது இருக்கும் என்றே தோன்றியதில்லை. அவருக்கு அதைத் தவிர வேறு யோசனையே இருந்ததாகத் தெரியவில்லை.

"பக்கத்தத் திறந்த உடனேயே கீபோர்ட் வரட்டும் நானா" என்றார் சேர். "மருந்துக் கடைக்குப் போறவன் மருந்து கேக்கத்தானே போறான்? உள்ள வந்ததும் 'என்ன வேணும்'னு கேக்குறதுல என்ன பிழை?"

"கேக்கலாம் சேர். கவுண்டர் மேல ஏறி நின்னு கேக்கக் கூடாதுதானே."

"யாரு ஏறுறா?"

நானா கைபேசியைத் திருப்பிக் காட்டினார். தேடல் கட்டத்தின் கீழே, அந்த ஆள் போன முறை தேடிய மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. விசைப்பலகை எழும்பியதும் அவை எல்லாம் மறைந்தன.

"மாசாமாசம் ஒரே குளிசை வாங்குறவங்கதான் கூடுதலான பேர். அவங்களுக்கு ஒண்ணும் எழுதத் தேவையில்ல. பேரு கண்ணு முன்னுக்கே இருக்கு. இது எழும்பி நின்னு மறைச்சா, இத எப்பிடி இறக்குறதுன்னு தெரியாம போன வெச்சிருவாங்க."

"அப்ப எப்ப வரணும்கிறீங்க?"

"தொட்டா வரணும். வேல முடிஞ்சா போகணும்."

"நீங்க கல்யாண வீட்டுலயும் இப்பிடித்தானா நானா? கூப்பிட்டாத்தான் சாப்பிட உக்காருவீங்களா?"

"கூப்பிட்டாத்தான் வீட்டுக்கே போவேன் சேர்."

சேர் சிரித்தார். நானும் சிரித்தேன். அது நகைச்சுவை அல்ல என்று பிற்பாடு எனக்குத் தெரிந்தது.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்து வேலைக்குப் போகவில்லை. பிற்பகலில் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது: "கேட்டில் ஒரு பை தொங்குது அக்கா." போய்ப் பார்த்தேன். கொத்தமல்லியும் இஞ்சியும் ஒரு பாண் ராத்தலும் இருந்தன. அவர் அதற்குள் வீதி முனைக்குப் போய்விட்டிருந்தார். கேட் திறந்த ஓசைக்குத் திரும்பினார், கையை உயர்த்தினார், போய்விட்டார். நான் தனியாக இருப்பவள். அன்றன்று நடந்ததை இரவில் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. எழுதுவதற்கு ஒன்றுமில்லாத நாட்களில் வானிலையை எழுதுவேன். அன்று அந்தப் பையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன்.

வேலைக்குத் திரும்பியதும் கேட்டேன். "உள்ள வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிருக்கலாமே நானா?"

"நீங்க கூப்பிடலயே அக்கா" என்றார். குறை சொல்லும் குரல் அல்ல. மழை பெய்யவில்லை, அதனால் குடை எடுத்து வரவில்லை என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

அவர் வேலை பார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். திரையைச் செய்து முடித்ததும் தன் கைபேசியில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு இறங்கிவிடுவார். யட்டவத்த பஸ்ஸுக்கு நிற்கும் வரிசையில், மாத மருந்தை எழுதிக் கொடுக்கும் கிளினிக் கொப்பியைக் கையில் வைத்திருக்கும் யாராவது அவர் கண்ணில் படுவார்கள். "கொஞ்சம் இதுல தேடிப் பாக்குறீங்களா?" என்று நீட்டுவார். அவர் வலிய ஓர் ஆளிடம் போய்ப் பேசியது இந்த ஒரு காரியத்துக்கு மட்டும்தான். நீட்டியபின் ஒன்றும் சொல்ல மாட்டார். முகத்தைப் பார்க்க மாட்டார். பெருவிரலை மட்டும் பார்ப்பார்.

அப்படிப் பார்த்துத்தான் ஒவ்வொன்றாகத் திருத்தினார். மருந்துப் பட்டியலைப் பார்க்க விரலால் மேலே தள்ளினால், விசைப்பலகை தானாகக் கீழே இறங்கிவிடும்படி செய்தார். எழுதியதைத் துடைத்தால் மட்டும் இறங்காமல் நிற்கும்; துடைத்தவர் மறுபடி எழுதத்தானே போகிறார். ஒரு கடையின் விபரத்தைப் பார்த்துவிட்டுப் பட்டியலுக்குத் திரும்பினால் மீண்டும் எழும்பி வராது. தமிழ் விசைப்பலகை ஆங்கிலத்தைவிட ஒரு வரிசை உயரம். நாங்கள் மூவருமே தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகியவர்கள். அதனால் கடைசி மருந்தின் பெயர் தமிழ் விசைப்பலகைக்கு அடியில் போய்விடுவது எங்கள் கண்ணில் படவே இல்லை. வரிசையில் நின்ற ஒரு பெண்தான் காட்டிக்கொடுத்தார். அன்று முதல் நான் எல்லாவற்றையும் தமிழிலேயே தட்டிப் பார்த்தேன்.

இதில் அவரை மிகவும் வருத்திய பிரச்சினை ஒன்று இருந்தது. பட்டியலை விரலால் தள்ளும்போது பெருவிரலின் ஓரம் தேடல் கட்டத்தில் உரசிவிடும். உடனே விசைப்பலகை துள்ளி எழும்பும். பார்த்துக்கொண்டிருந்தவர் திடுக்கிடுவார்.

"கை பட்டதுக்கெல்லாம் எழும்பக் கூடாது அக்கா. தொட்டதுக்குத்தான் எழும்பணும்."

"பட்டது எது, தொட்டது எதுன்னு போனுக்கு எப்பிடித் தெரியும்?"

"வெச்ச இடத்துலயே வெச்சு எடுத்தா, தொட்டது. இழுத்துக்கிட்டுப் போய் எடுத்தா, பட்டது." மேசையில் விரலை வைத்துக் காட்டினார். அதை நன்றாக விளங்கிக்கொண்டவர் அவர். அதனால்தான் பின்னால் நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்கு முன் பஸ் நிலையத்தில் ஒரு பெரியவரின் சம்பவத்தைச் சொல்ல வேண்டும். அன்று நானும் கூடப் போயிருந்தேன். பெரியவர் இரண்டு எழுத்துத் தட்டினார். அவருடைய மருந்தின் பெயர் வந்தது. பெயரைத் தொட்டார். விசைப்பலகை கீழே இறங்கியது; வேறொன்றும் நடக்கவில்லை. பெரியவர் சற்று நேரம் திரையைப் பார்த்தார். "இல்லையாமே தம்பி" என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறினார்.

நானாவின் முகம் வெளுத்துவிட்டது. கைபேசியோடு வேகமாகப் படியேறி அலுவலகத்துக்கு வந்தார்.

"அந்த மனுசன் தொட்டாரு அக்கா. நான் பாத்தேன். சரியாத்தான் தொட்டாரு. நம்ம ஆப் என்ன செஞ்சிச்சு? அந்தத் தொடுகைய கீபோர்ட இறக்குறதுக்கு எடுத்துக்கிருச்சு. முதல் தொடுகைய விழுங்கிருச்சு."

"இன்னொருக்காத் தொட்டிருந்தா திறந்திருக்கும்தானே?"

"எனத்துக்கு இன்னொருக்காத் தொடணும்?" அவர் குரலை உயர்த்திக் கேட்டது அன்றுதான். "பதில் வராத இடத்துல மனுசன் ரெண்டாந்தரம் தொட மாட்டான் அக்கா. போயிருவான்."

அன்று மாலை அதைத் திருத்திவிட்டுத்தான் எழும்பினார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் யட்டவத்த வரிசைக்குப் போய் நின்றார். பெரியவர் வரவில்லை.

நோன்புப் பெருநாளுக்கு முன்தினம் சேர் கேட்டார். "நானா, பெருநாளைக்கு எங்க போறீங்க?"

"இங்கதான் சேர். ரூம்ல."

சேர் போனபிறகு நான் கேட்டேன். கேட்டால் சொல்வார், கேட்கும் வரை காத்திருப்பார். "குடும்பம் இல்லையா நானா?"

"மகள் இருக்கா அக்கா. பன்னெண்டு வயசு. நாலந்தாவுல, தாயோட வீட்டுல." தாய்க்கும் அவருக்கும் பிரிவாகி நாலு வருடம் என்றார். சண்டை என்று ஒன்றும் இல்லை. "நான் இருந்தும் இல்லாத மாதிரியே இருக்கேன்னு சொன்னாங்க. உண்மைதானே."

"மகளோட பேசுவீங்களா?"

"அவ கூப்பிட்டாப் பேசுவேன். பிள்ள கேட்டா மட்டும் பேசுறதுன்னு பிரியும்போது பேசிக்கிட்டது."

"பிள்ளை கூப்பிடுமா? நீங்கதானே முதல்ல கோல் எடுக்கணும்?"

"அவளுக்கு அங்க ஒரு வாழ்க்கை அமைஞ்சிருக்கு அக்கா. தாய்க்கும் இன்னொரு இடம் பேசுறாங்களாம். இந்த நேரத்துல நான் போய் எழும்பி நின்னா, அவ பாக்க வேண்டியதெல்லாம் மறைஞ்சிரும்."

"நீங்க என்ன கீபோர்டா?" என்று கேட்டேன். எனக்கு உண்மையாகவே கோபம்.

அவர் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "அதவிடப் பெரிசு அக்கா. முழுத் திரையையும் மறைப்பேன்."

சிரிக்க வைத்து நழுவிவிட்டார். கைபேசியின் முகப்பில் அவர் மகளின் படத்தை வைத்திருக்கவில்லை. மகளுக்குப் பிடித்த பழம் ரம்புட்டான் என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னார். ரம்புட்டான் காலத்தில் சந்தியில் வாங்கி வந்து எங்கள் இருவருக்கும் பிரித்துக் கொடுப்பார், தான் தொடமாட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுதுவிட்டு வரும்போது சோற்றுப் பார்சல் வாங்கி வருவார். கைபேசியை மேசையின் ஓரத்தில் மல்லாத்தி வைத்துவிட்டுப் பார்சலைப் பிரிப்பார். அநேகமாக அந்த நேரத்தில் கைபேசி இரண்டு தரம் அதிர்ந்து நின்றுவிடும். எட்டிப் பார்ப்பார். மறுபடி சாப்பிடுவார். எங்கள் ஊரில் இப்படி இரண்டு தரம் அடித்து நிறுத்தினால் அதற்கு மிஸ் கோல் என்று பெயர். என்னிடம் காசில்லை, நீ திருப்பி எடு என்று பொருள். யாரோ உறவுக்காரர், பிறகு எடுப்பார் என்று நினைத்துக்கொண்டு நான் என் சாப்பாட்டைப் பார்ப்பேன்.

ஒரு மழைக்கால வெள்ளி. பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு அவர் சாப்பிடாமல் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அதிரவில்லை. முந்திய வெள்ளியும் அதிரவில்லை என்பது எனக்கு நினைவுக்கு வந்தது.

"இந்த நேரத்துக்கு ஒரு மிஸ் கோல் வருமே நானா? இப்ப வாறதில்லையா?"

"மிஸ் கோல் இல்ல அக்கா. அது மாமாட போன்." பழைய மாமனாரைச் சொல்கிறார். "கை பட்டிருக்கும். நம்ம பேரு பழைய போன்ல இருக்கும்தானே. தெரியாம அழுத்திட்டு, நான்தான்னு கண்டதும் வெச்சிருப்பாங்க."

"ஒவ்வொரு வெள்ளியுமா?"

அவர் சோற்றில் கையை வைத்துப் பிசைந்தார்.

"உங்க மகள்தான் நானா. ஜும்ஆ முடிஞ்சு வாப்பா திரும்பியிருப்பாருன்னு நேரம் பாத்து, மூத்தவங்க அசந்த நேரத்துல, ரீலோட் இல்லாத போன எடுத்து, ரெண்டு ரிங் விட்டிருக்கா. வேற எப்பிடி நானா அந்தப் பிள்ள கூப்பிடும்?"

"இல்ல அக்கா, அவ கூப்பிடுறதுன்னா..."

"வெச்ச இடத்துலயே வெச்சு, வெச்ச இடத்துலயே எடுத்திருக்கா. இது பட்டதா, தொட்டதா? நீங்களே சொல்லுங்க."

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது. வீதியில் ஒரு பஸ் நீளமாக ஹோர்ன் அடித்தபடி போயிற்று. அவர் எழுந்து போய்க் கையைக் கழுவினார். துடைக்காமலே கைபேசியை எடுத்தார். ஈரவிரலுக்குத் திரை பணியவில்லை. சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டார். படிக்கட்டுக்குப் போனார். கதவை விரியத் திறந்து அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

அதனால் எனக்கும் கேட்டது. அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் குரல் சிங்களத்தில் சொன்னது. பிறகு தமிழில். பிறகு ஆங்கிலத்தில். அவருக்கு மூன்றும் தெரியும். முதல் மொழியிலேயே விளங்கியிருக்கும். இருந்தும் மூன்றையும் கேட்டார். மறுபடி எடுத்தார். மறுபடியும் மூன்றையும் கேட்டார். சேர் கீழேயிருந்து வந்துகொண்டிருந்தவர், பாதிப் படியில் அவரைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் வந்த வழியே இறங்கிப் போனார்.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. அதற்கடுத்த வேலை நாளில்தான் தெரிந்தது, காலை பஸ் பிடித்து நாலந்தாவுக்குப் போயிருக்கிறார். வீடு பூட்டிக் கிடந்தது. தாய்க்கு நிக்காஹ் முடிந்து, எல்லோரும் புத்தளம் பக்கம் போய்விட்டார்கள் என்று அடுத்த வீட்டுப் பெண் சொன்னாராம். புதிய இலக்கம் அந்தப் பெண்ணிடமும் இல்லையாம்.

"வேற ஒண்ணும் சொல்லலயா?"

"சொன்னாங்க அக்கா. 'பிள்ள வெள்ளிக்கிழமைல போன எடுத்துக்கிட்டு இந்த மதிலடிக்குத்தான் வரும், இங்கதான் சிக்னல் வரும்'னு சொன்னாங்க."

சேர் ஒரு கோப்பைத் தேநீரை அவர் முன் வைத்தார். "கேக்காம லீவு போட்டிருக்கீங்க நானா" என்றார். "இனிமேலும் அப்பிடியே போடுங்க."

அந்த வருடம் முடியுமுன் அவர் வேலையை விட்டார். புத்தளத்தில் ஒரு கைபேசிக் கடையில் இடம் கிடைத்ததாகச் சொன்னார். கடைசி நாளன்று மூவரும் படம் எடுத்துக்கொண்டோம். சேரின் வற்புறுத்தலுக்காக நடுவில் நின்றார். படம் எடுக்கும் கணத்தில் விலகிவிட்டார் போலும், அவருடைய தோளும் ஒரு காதும்தான் படத்தில் இருக்கின்றன. நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் வெறுமையாக இருக்கிறது. அந்தப் படத்தை நான் வைத்திருக்கிறேன்.

போன பிறகும் அவர் தானாக ஒரு செய்தி அனுப்பியதில்லை. நான் அனுப்பினால் பதில் உடனே வரும். "சுகமா நானா?" என்று எழுதிவிட்டுக் கைபேசியைக் கீழே வைக்குமுன் "சுகம் அக்கா" என்று வந்துவிடும். எந்த நேரத்தில் எழுதினாலும் அப்படித்தான். முன்பொருநாள் நான் அவரிடம், இறங்கிய விசைப்பலகை எங்கே போகிறது என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறேன். "எங்கயும் போறதில்ல அக்கா. திரைக்குக் கீழ ஓரத்துல நிக்கும். தொட்டா அந்தக் கணமே வரும்" என்றார். அவ்வளவு விரைவாக வரும் பதிலைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருந்ததில்லை. மகளின் இலக்கம் கிடைத்ததா என்று இரண்டு முறை கேட்டேன். முதல் முறை "இல்ல அக்கா." அடுத்த முறை "கிடைச்சிருக்கு." எடுத்தீர்களா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அவரிடமிருந்து எனக்குப் பதில் வராதது அந்த ஒரு கேள்விக்குத்தான்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல், மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. அவருடைய பெயர். இரண்டு தரம் அடித்து நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"அக்கா, வேலையா இருந்தீங்களா? மறைச்சிட்டேனா?"

"இல்ல நானா. ஒரு வேலையும் இல்ல. பேசுங்க."

பின்னால் காற்றின் ஓசை கேட்டது. வெளியில் எங்கோ நிற்கிறார்.

"மகளுக்கு எடுத்தேன் அக்கா. இப்பதான்."

"என்ன சொன்னா?"

"ஹலோன்னா. வாப்பான்னு சொன்னேன். அதுக்குப் பிறகு பேசல."

"நீங்க?"

"எனக்கும் வரல."

"வெச்சிட்டாளா?"

"இல்ல அக்கா. அதச் சொல்லத்தான் எடுத்தேன். அவ வெக்கல. மூச்சு கேட்டுக்கிட்டே இருந்திச்சு. ரீலோட் முடிஞ்சு தானா அறுந்திச்சு. இப்ப கடைக்கு ஓடிவந்து போட்டுட்டேன்."

"போட்டுட்டு எனக்கா எடுத்தீங்க? அங்க பிள்ள போனையே பாத்துக்கிட்டு இருக்கும் நானா!"

அவருடன் பேசிய எத்தனையோ தடவைகளில், நான் "சரி, வைக்கிறேன்" என்று சொல்லும் வரை அவர் இணைப்பில் நின்றுகொண்டே இருப்பார். தானாக வைத்ததே இல்லை. அன்று நான் அடுத்த சொல்லுக்கு வாய் திறக்குமுன் வைத்துவிட்டார்.